நின்று பார்த்த ஆட்டங்கள்

(சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சு. மலர்க்குழு கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெரியோர்களே, அம்மாமாரே, அக்காமாரே, பின்னுக்குச் சுவரோடு சாய்ந்து நிற்கும் தம்பிமாரே, அனைவருக்கும் எனது பணிவான வணக்கம்.

பின்னுக்கு நிற்கிறவர்களை நான் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முன்னுக்கு இரண்டு வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடக்கு. தலைவர் மூன்றுதரம் மைக்கில் கூப்பிட்டுப் பார்த்திட்டார். ஒருத்தரும் அசையவில்லை. எங்கட சனத்துக்கு நிண்டு பாக்கிறதில ஒரு விருப்பம். இண்டைக்கு அதைப்பற்றித்தான் நான் கதைக்கப்போறன்.

"எங்கட விளையாட்டுப் பாரம்பரியம்" என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேச வேணுமெண்டு செயலாளர் அண்ணை ரெலிபோன் எடுத்தவர். நான் ஏ.எல் வரைக்கும் படிச்சவன், மேடைப் பேச்சு எனக்கு வராது எண்டு சொன்னன். "கண்ணால பாத்ததைச் சொல்லும், அது காணும்" எண்டார். ஆனபடியால் பாத்ததை மட்டும் சொல்லுறன்.

விளையாட்டுப் பாரம்பரியம் எண்டவுடன இஞ்ச எல்லாரும் சொல்லுறது பெரிய மட்ச். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற கிறிக்கெற், வடக்கின் பெருஞ்சமர். 1904 ஆம் ஆண்டு துவங்கினது. நூறு வருஷத்துக்கு மேலான விஷயம், குறை சொல்ல ஒண்டுமில்லை. நானும் போய்ப் பாத்திருக்கிறன். பப்பாரா வாத்தியம், கொடி, கொழும்பிலயிருந்தும் வெளிநாட்டிலயிருந்தும் வந்த பழைய மாணவர்மார், அவைக்குப் பந்தல், அதுக்குள்ள கதிரை. நல்ல வடிவாத்தான் இருக்கும். ஆனா அது வருஷத்தில மூண்டு நாள். எங்கட கரையோரத்தில கிழமைக்குக் கிழமை நடந்தது உதைபந்தாட்டம். அதைப்பற்றி எங்கட மலரில இதுவரைக்கும் ஒரு பக்கமாவது வந்ததா எண்டு தேடிப் பாத்தன். எனக்குக் கிடைச்ச மலர்களில இல்லை.

நாவாந்துறை எண்ட ஒரு ஊரிலயே ரெண்டு பெரிய கழகம். சென். மேரிஸ் ஒண்டு, சென். நீக்கிலஸ் இன்னொண்டு. பாசையூரில சென். அன்ரனிஸ். குருநகரில பாடும்மீன். இளவாலையில யங் ஹென்றீசியன்ஸ். கரைக்கு வெளியில பாத்தா ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன். இந்தப் பெயருகளைச் சொல்லேக்க இந்த மண்டபத்தில ரெண்டு மூண்டு பேர் நிமிர்ந்து இருந்ததை நான் கண்டன். அவைக்குத் தெரியும்.

அந்த ஆட்டங்களுக்குக் கதிரை கிடையாது. பிரதம விருந்தினருக்கு நாலு கதிரை, மேசையில ஒரு வெள்ளைத் துணி, வெற்றிக்கிண்ணம், ஒலிபெருக்கி. மிச்சம் எல்லாரும் நிக்கிறதுதான். நிக்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்குக் கிட்ட நாங்கள் சின்னப் பெடியள், குந்தியிருப்பம். எங்களுக்குப் பின்னால பெரிய ஆக்கள், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு. அவைக்குப் பின்னால சைக்கிள் வரிசை. சைக்கிளை ஸ்ராண்ட் போட்டு, கரியரில ஏறி நிண்டு, முன்னுக்கு நிக்கிறவரின்ர தோளில கையை வைச்சால் அதுதான் மேல்மாடி. அதுக்கும் பின்னால மதில், வேப்பமரம், கூளர் லொறியின்ர கூரை. கோணர் அடிக்கிறவர் காலை எடுத்து வைக்க இடமில்லாமல் எங்களைப் பாத்து "கொஞ்சம் தள்ளடா தம்பி" எண்டு கேட்டுத்தான் அடிப்பார். அறிவிப்பாளர் ஒவ்வொரு பத்து நிமிஷமும் "ரசிகப் பெருமக்களே, கோட்டுக்கு வெளியே நின்று ஒத்துழைப்புத் தாருங்கள்" எண்டு செந்தமிழில கெஞ்சுவார். நாங்கள் ஒரு சாண் பின்னுக்குப் போவம், பந்து வர ரெண்டு சாண் முன்னுக்கு வருவம்.

என்ர அப்பாவின்ர சைக்கிள் ஒரு பழைய றலி. பதினொரு வயசு வரைக்கும் அதின்ர கரியர்தான் என்ர இடம். அப்பா ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிற்பார். நான் அவரின்ர தலைக்கு மேலால பாப்பன். கோல் விழுந்தா நான் குதிப்பன், சைக்கிள் ஆடும். அப்பா பந்தைப் பாத்ததை விட ஸ்ராண்டைப் பாத்ததுதான் கூட எண்டு நினைக்கிறன். கச்சான் சரை ஒண்டு, ஐஸ்பழம் ஒண்டு. தோத்தா ஐஸ்பழம் இல்லை.

இனி வருஷக் கணக்கைச் சொல்ல வேணும், ஏனெண்டால் இஞ்ச இருக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது. எனக்கு அப்ப ஏழு வயசு. 1996 சித்திரை, வைகாசியில திரும்பி வந்தம். வந்த இடத்தில ஊர் முழுக்க ஆமி. கடலுக்குப் போக பாஸ், போறதுக்கும் வாறதுக்கும் நேரம், இரவில ஊரடங்கு. வலை காய்ஞ்சு கிடந்தது. தொழிலுக்குப் போகேலாத ஆம்பிளையள் எங்க போறது? மைதானத்துக்குத்தான் வந்தினம். அந்த வருஷங்களில ஆட்டத்துக்கு அவ்வளவு சனம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். சண்டையும் பட்டினியும் இருந்த காலத்தில பந்து எதுக்கு எண்டு இஞ்ச ஒருத்தர் என்னைக் கேட்டவர். வேற என்ன இருந்தது எண்டு நான் அவரைத் திருப்பிக் கேட்டன்.

ஆட்டம் வெள்ளனத் துவங்கும். வெய்யில் கொளுத்தக் கொளுத்த விளையாடுவினம். பொழுதுபடுறதுக்கு முதல் சனம் வீடு போய்ச் சேர வேணும். சமநிலையில முடிஞ்சா மேலதிக நேரம் கிடையாது, நேர தண்ட உதைதான். சில நேரம் அதுக்கும் நேரமில்லாமல் காசைச் சுண்டிப் பாத்ததும் நடந்தது. சீனவெடி ஒருத்தரும் கொளுத்தேலாது. ஒரு வெடிச்சத்தம் கேட்டால் சென்றியில நிக்கிறவன் என்ன செய்வான் எண்டு ஆருக்குத் தெரியும்? அதால தகரம். தார்ப் பீப்பா, எண்ணெய்த் தகரம், சோறு வடிக்கிற சட்டி மூடி, கையில கிடைச்சதெல்லாம் மேளம்.

அப்பா எனக்கு ஒரு சட்டம் வைச்சிருந்தவர். சனத்துக்கு நடுவில நிக்கக் கூடாது. வாசலுக்குக் கிட்ட, சைக்கிளை வெளிப்பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு நிக்க வேணும். அது ஆமிக்குப் பயந்து வந்த பழக்கம் மட்டுமில்லை. 1974 தை 10 ஆம் திகதி, தமிழாராய்ச்சி மாநாட்டின்ர கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது எண்டு அப்பப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் அது. பொலிஸ் உள்ளிட்டது, மின்சாரக் கம்பி அறுந்து விழுந்தது, சனம் செத்தது. நினைவுத்தூண் முற்றவெளியில நிக்குது. சனம் கூடிற இடத்தில வாசலைப் பாத்து நில் எண்டது எங்கட வீட்டில மூண்டு தலைமுறைப் பாடம்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லலாமோ எண்டு நேற்று இரவு வேலைக்குப் போகேக்கயும் யோசிச்சுக்கொண்டு போனன். சுத்திவளைப்பு நடக்கிற நாளில விடியக்காலமை ஒலிபெருக்கியில கூப்பிடுவினம். எல்லாரும் அடையாள அட்டையோட மைதானத்துக்கு வர வேணும். அதே மைதானம். அங்க எங்களை இருத்தி வைப்பினம். வரிசை வரிசையாக, வெறும் மண்ணில, வெய்யிலுக்க. பெடியள் ஒரு பக்கம், பெண்டுகள் ஒரு பக்கம். எழும்பக் கூடாது. ஜீப்புக்குள்ள முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டி இருப்பான். ஒவ்வொருத்தராக அவனுக்கு முன்னால நடந்து போக வேணும். தலை ஆடினா அந்தப் பெடியன் வேற பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின்ர சைக்கிள் கரியரில நிண்ட அதே இடத்தில, புதன்கிழமை அப்பாவுக்குப் பக்கத்தில தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்திருக்கிறன். கோல் கம்பம் அதே இடத்திலதான் நிண்டது. அதால எங்களுக்கு மைதானத்தில இருக்கிறது ஒரு விஷயம், நிக்கிறது வேறொரு விஷயம். முன்னுக்கு வந்து கதிரையில இருங்கோ எண்டு தலைவர் கூப்பிடேக்க பின்னுக்கு நிக்கிற சில பேருக்கு ஏன் கால் வரேல்லை எண்டதுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இல்லாட்டி வெறும் வெக்கமாகவும் இருக்கலாம். நான் எல்லாத்துக்கும் சண்டையைக் காரணம் சொல்லுற ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்தில படி கட்டின பெரிய மைதானம் எண்டால் துரையப்பா விளையாட்டரங்குதான். 1975 இல கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின்ர பெயரில இருக்கிறது. நூலகத்துக்குப் பக்கத்தில. நான் வளர்ந்த காலத்தில அது பாழடைஞ்சு கிடந்தது. 1999 இல திருத்த வேலைக்கு மண்ணைக் கிண்டேக்க மனித எலும்புகள் வெளியில வந்தது. எனக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடத்தில பெடியள் அதைப்பற்றிக் கதைச்சம், வாத்தியார் வந்தவுடன நிப்பாட்டினம். அதுக்கு முந்தி அந்த அரங்கில நிண்டு ஆட்டம் பாத்த அப்பா அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை. பேந்து 2016 ஆனி 18 ஆம் திகதி, இந்தியாவின்ர உதவியில திருத்தி, மோடி டில்லியிலயிருந்து வீடியோவிலயும் மைத்திரிபால சிறிசேன நேரிலயும் நிண்டு திறந்து வைச்சினம். இப்ப ஒழுங்கான இருக்கைகள் இருக்கு. நல்லது. நான் இன்னும் போய்ப் பாக்கேல்லை.

2002 மாசியில ஒப்பந்தம் வந்தது. ஏ9 பாதை திறந்தது. அந்த நாலு வருஷம் பற்றிக் கேட்டால் என்ர வயசுக்காரர் எல்லாரும் ஒரு மாதிரித்தான் கதைப்பினம், நேரம் போறது தெரியாமல். வெளிமாவட்டத்து ரீம் வந்தது. மின்விளக்குப் போட்டு இரவில ஆட்டம் நடந்தது. வெடி கொளுத்தினம்! முதல் வெடிக்குச் சனம் பாதி குனிஞ்சு போச்சு, பிறகு தங்களைத் தாங்களே பாத்துச் சிரிச்சினம். வலிகாமம் வடக்கில 1990 இலயிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள ஊர் அகப்பட்ட சனம், ஊர் இல்லாமல் ஊரின்ர பெயரில ரீம் வைச்சு அடுத்தவன்ர மைதானத்தில விளையாடினதுகள். தங்கட ஊர்ப் பெயரை ஒலிபெருக்கியில கேக்கிறதுக்கெண்டே கிழவன்மார் பஸ் ஏறி வந்து நிண்டவை. மயிலிட்டித் துறைமுகத்தை விட்டது 2017 ஆடியில. அந்தக் கிழவன்மாரில எத்தினை பேர் அதைக் கண்டினமோ.

2006 ஆவணி 11 ஆம் திகதி பாதை மூடினது. அதோட என்ர நிண்டு பாக்கிற காலமும் முடிஞ்சுது.

இஞ்ச நான் வேலை செய்யிற பக்ரறியில லிவர்பூலில பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அறுபது வயசு தாண்டினவர். இரவுச் சாப்பாட்டு நேரத்தில கதை வந்தது. அவையின்ர நாட்டிலயும் அப்படித்தானாம். கோலுக்குப் பின்னால சீமெந்துப் படி, அதைத்தான் ரெறஸ் எண்டு சொல்லுறது. இருக்கை இல்லை. ஆயிரக்கணக்கில நிண்டு பாப்பினம். அன்ஃபீல்டில அந்தப் படிக்கட்டுக்குக் கொப் எண்டு பெயர். சின்னப் பிள்ளையாக இருக்கேக்க தகப்பன் பால்போத்தல் பெட்டியொண்டைக் கொண்டுபோய் அதில ஏத்தி விடுவாராம். கோல் விழுந்தால் கால் நிலத்தில படாமலே பத்துப்படி கீழ போய் நிப்பாராம். நான் சைக்கிள் கரியர் கதையைச் சொன்னன். ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு மணி அடிச்சது தெரியேல்லை.

பிறகு அவர் ஹில்ஸ்பறோ கதையைச் சொன்னார். 1989 சித்திரை 15, எங்கட வருஷப்பிறப்பு முடிஞ்ச கையோட. ஷெஃபீல்ட் நகரத்தில லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொறஸ்டுக்கும் அரையிறுதி. படிக்கட்டைக் கம்பிவேலியால அடைச்சு, ஆடுமாட்டுப் பட்டி மாதிரிப் பிரிச்சு வைச்சிருந்தவை. வெளியில நெரிசல் எண்டு பொலிஸ் ஒரு கேற்றைத் திறந்து விட, ஏற்கனவே நிரம்பியிருந்த பட்டிக்குள்ள சனம் போய் நெரிபட்டது. மொத்தம் 97 பேர் செத்தினம், கடைசி ஆள் 2021 இல. குடிச்சிட்டு வந்த சனத்தின்ர பிழை எண்டு பொலிசும் பத்திரிகையும் சொன்னது. அது சட்டவிரோதமாக உயிர் பறிக்கப்பட்டது எண்டு ஜூரிமார் தீர்ப்புச் சொன்னது 2016 சித்திரையில. 27 வருஷம். தாய்மார் அதுவரைக்கும் படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டினம். அவர் சொல்லி முடிக்க, எங்கட தாய்மாரும் படத்தோட றோட்டில நிக்கினம் எண்டு சொன்னன். தனக்குத் தெரியும் எண்டார். செய்தியில பாத்தவராம்.

அதுக்குப் பிறகுதான் 1990 இல நீதிபதி ரெய்லரின்ர அறிக்கை வந்து, 1994 இலயிருந்து இங்கிலாந்தின்ர பெரிய மைதானங்களில எல்லாரும் இருக்க வேணும் எண்டு சட்டமாச்சு. 2022 இலதான் கம்பி பொருத்தின இருக்கையோட திரும்ப நிக்க விட்டினம். படியில பிழையில்லை, வேலியிலதான் பிழை எண்டது அவரின்ர கட்சி. என்ர கட்சியும் அதுதான்.

இந்த ஊரிலயும் ஈடன் பார்க்கில முந்தி ரெறஸ் இருந்தது. 2011 றக்பி உலகக்கிண்ணத்துக்காகத் திருத்திக் கட்டேக்க மாறிப் போச்சு எண்டு எங்களோட வேலை செய்யிற சமோவா அண்ணை ஒருத்தர் இண்டைக்கும் கவலைப்படுவார். சாண்ட்றிங்ஹாமில இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஈடன் பார்க் எண்டால் கார் விட இடமில்லாத நாள் எண்ட அளவிலதான் தெரியும். கறிவேப்பிலை வாங்கப் போய், றக்பிச் சனத்துக்குள்ள மாட்டி, ஒரு மணித்தியாலம் நிண்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்.

2024 ஐப்பசி 19 ஆம் திகதி ஒக்லண்ட் எஃப்.சி தன்ர முதல் ஆட்டத்தை பென்றோஸ் பக்கம் மவுண்ட் ஸ்மார்ட்டில ஆடினது. கல்லுக் கிண்டின ஒரு பழைய எரிமலைக் குன்று அது, மவோறி ஆக்கள் றறொரொங்கா எண்டு சொல்லுற இடம். பிறிஸ்பேனை இரண்டுக்குப் பூச்சியம் வெண்டது. 24 ஆயிரத்துக்கு மேல சனம். அந்த முதல் வருஷமே பட்டியலில முதலாம் இடம். ஆதரவாளர் கூட்டத்துக்கு அங்க ஒரு பக்கம் இருக்கு, த போர்ட் எண்டு பெயர். கதிரை இருக்கு, ஒருத்தரும் அதில இருக்கிறேல்லை. தொண்ணூறு நிமிஷமும் நிண்டு, பாடி, மேளம் அடிச்சு. நாவாந்துறைப் பக்கத்திலயிருந்து வந்தவன் போர்ட்டில போய் நிண்டன் எண்டு மனிசிக்குச் சொன்னன். அவ சிரிக்கேல்லை. ரிக்கெற் எவ்வளவு எண்டு கேட்டா.

இப்ப மகளையும் கூட்டிக்கொண்டு போறன். ஒன்பது வயசு. அவ கதிரையில ஏறி என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாப்பா. கத்துவா. எங்கட ஊரில உதைபந்தாட்ட மைதானத்தில பொம்பிளைப் பிள்ளையள் நிண்டதை நான் கண்டதில்லை. அம்மா ஒருநாளும் வந்ததில்லை, வேலிக்கு மேலால சத்தத்தைக் கேட்டு ஆர் வெண்டது எண்டு சொல்லுவா. ஆனா இப்ப தெல்லிப்பளை மகாஜனாவின்ர பெண் பிள்ளையள் உதைபந்தில பேர் எடுத்திருக்கிறதை எல்லாரும் அறிவியள்.

சரி, பத்து நிமிஷம் தாண்டிப் போச்சு. செயலாளர் அண்ணை மணிக்கூட்டைப் பாக்கிறார். சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லிப்போட்டு இறங்கிறன்.

இந்த வருஷ விளையாட்டு விழாவுக்கு உதைபந்து ரீமைப் பழைய மாணவர் சங்கம் வாரியாகப் பிரிக்கிற யோசனை ஒண்டு செயற்குழுவில இருக்கு. கெட்ட எண்ணத்தில வந்த யோசனை இல்லை, ஒழுங்குபடுத்தச் சுகம் எண்டு வந்தது. எனக்கு அது சரியாகப் படேல்லை. பின்னுக்கு நிக்கிற தம்பிமாரைப் பாருங்கோ. ஒருத்தன் மெனிக் ஃபாமில கூடாரத்துக்குள்ள படிச்சவன். ஒருத்தன் மண்டபம் முகாமில பிறந்தவன். ஒருத்தன் மலேசியாவில அஞ்சு வருஷம் பதிவுக் கடதாசிக்குக் காத்திருந்தவன். ஒருத்தன் மலையகம். இவைக்கு எந்தப் பழைய மாணவர் சங்கம்? போன வருஷமும் இவை கோட்டுக்கு வெளியிலதான் நிண்டவை. நிண்டு பாக்கிறது நல்லது எண்டு இவ்வளவு நேரமும் சொன்ன நான்தான் சொல்லுறன், விளையாடத் தெரிஞ்சவனை நிக்க வைக்கக் கூடாது.

அப்ப ஊர் வாரியாகப் பிரிப்பம் எண்டு ஒரு அண்ணை சொன்னார். அதுவும் வேண்டாம். எங்கட கரையோரத்து ஆட்டத்தைப் பற்றி நான் தேனும் பாலுமாகச் சொன்னாலும், அங்க கல்லெறியும் நடந்தது, பொல்லடியும் நடந்தது. ஒரு ஊர் மைதானத்தில இன்னொரு ஊர்க்காரன் எந்தப் பக்கம் நிக்கலாம் எண்டதுக்குச் சொல்லாத சட்டம் இருந்தது. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு ஏன் கேக்கிறது எண்டது இந்த மண்டபத்தில எல்லாருக்கும் தெரியும். பதினாறு மணித்தியாலம் பிளேனில வந்தும் அந்தக் கேள்வியைச் சூட்கேசுக்குள்ள வைச்சுக்கொண்டு வரத் தேவையில்லை.

பேரை எல்லாம் துண்டில எழுதி, ஒரு சுண்டுக்க போட்டு, சின்னப் பிள்ளை ஒண்டைக் கொண்டு எடுப்பிப்பம். ரீமுக்கு வேணுமெண்டால் நிறத்தைப் பெயராக வைப்பம். பெண் பிள்ளையளின்ர பேரையும் அதே சுண்டுக்க போடுவம். பெண்டுகள் சாப்பாட்டுக் கூடாரத்தில நிண்டு வேகிறதை விட்டுப்போட்டு ஒரு பாதி ஆட்டமாவது கோட்டுக்குக் கிட்ட வந்து நிண்டு கத்தட்டும். கொத்துரொட்டி கொஞ்சம் பிந்தினால் ஒருத்தரும் சாகமாட்டம்.

பந்து ரெண்டு என்னட்ட இருக்கு. வலை, லிவர்பூல் அண்ணை தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். காத்தடிக்கிற பம் ஒண்டுதான் குறை. ஆரிட்டையும் இருந்தால் கூட்டம் முடிய என்னைக் காணுங்கோ. நான் பின்னுக்குத்தான் நிப்பன்.